மறு: ‘முதல் தேர்ச்சி விளைவு’ வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். விழுங்கிய மருந்து உடம்பெங்கும் பரவுவதற்கு முன்பே குடல் சுவரிலும் கல்லீரலிலும் சிதைந்து குறைந்துபோகிறதே, அதற்கு ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் ‘first-pass effect’ என்பதை ‘முதல் தேர்ச்சி விளைவு’ என்று எங்கோ பார்த்தேன். அங்கே ‘pass’ என்றால் கடந்துபோவது. பரீட்சையில் தேறுவதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வேறு சொல்லுக்கு நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘உறிஞ்சல் இழப்பு’ என்றே வைத்துவிடலாமே? எளிதாகப் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனான ஈஸ்ட்ரடையால் மாத்திரையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். குடல் அதை நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை; கல்லீரலைக் கடந்துதான் போக வேண்டும். அந்த வழியில் மருந்தின் பெரும்பகுதி வலுக்குறைந்த வேறு வடிவங்களான ஈஸ்ட்ரோனாகவும் ஈஸ்ட்ரோன் சல்ஃபேட்டாகவும் மாறிவிடுகிறது. ஈஸ்ட்ரடையாலாகவே பொது ரத்த ஓட்டத்துக்கு வந்து சேர்வது சுமார் 5 விழுக்காடுதான். உறிஞ்சுவது ஒன்று, வந்து சேர்வது வேறொன்று. இந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நான் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன்.

இன்சுலினில் நடப்பது வேறு. விழுங்கினால் வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் அதைப் பருப்பிலுள்ள புரதத்தைப் போலவே செரித்துவிடும். உறிஞ்சுவதற்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதல் நோயாளியான 14 வயதுச் சிறுவனுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். இன்றும் பெரும்பாலும் ஊசிதான்.

தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மூன்றாவது வகை. அது கல்லீரலில் பெரிதாக அடிபடுவதில்லை. ஆனால் மாத்திரையோடு சேர்த்துக் காபி குடித்தாலோ, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் போட்டாலோ குடல் உறிஞ்சும் அளவே குறைந்துவிடும். ‘உறிஞ்சல் இழப்பு’ என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும். அதை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டால் இதற்கு எங்கே போவது?

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன். நகைக்கடையில் ‘செய்கூலி, சேதாரம்’ என்கிறோம். தங்கம் முழுசாகப் பட்டறைக்குள் போய்விடுகிறது. வேலை நடக்கும்போது கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறைவையும் கணக்கில் வைத்துத்தான் விலை போடுகிறார்கள். மாத்திரையிலும் அதே கணக்குத்தான். அதனால்தான் முதலில் ‘ஈரல் சேதாரம்’ என்று சொல்லியிருந்தேன். ஈஸ்ட்ரடையால் மாத்திரை நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம். தோலில் ஒட்டும் பேட்ச் நாளுக்கு 50 மைக்ரோகிராம் (0.05 மில்லிகிராம்) கொடுத்தாலே ஏறத்தாழ அதே பலன் கிடைக்கிறது, ஏனென்றால் தோல்வழி போகும் மருந்து முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை.

> ‘ஈரல் சேதாரம்’ என்றால் ஈரலே கெட்டுப்போய்விட்டது என்று நோயாளி பயந்துவிடுவார்.

உண்மை. நேற்று இதைப் படித்ததும் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். குடல் சுவரின் பங்கும் அதில் விடுபட்டுப்போகிறது. அதனால் முதற்கடவுச் சேதாரம் என்று வைக்கலாமா? கடவு என்றால் கடந்துபோவது; கடவுச்சீட்டு, கடவுச்சொல் என்று ‘கடவு’ ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது.

> ‘வாய்வழிச் சேதாரம்’ இன்னும் எளிது.

டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் என்ற ஆண் ஹார்மோன் மருந்து இதற்கு இடம் தரவில்லை. அதுவும் விழுங்குவதுதான். ஆனால் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் ஒரு பகுதி நிணநீர்க் குழாய்களில் ஏறி, கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் போய்ச் சேர்கிறது. கல்லீரல் பக்கமே போவதில்லை. வாய்வழிதான், ஆனால் அந்தப் பகுதிக்கு இந்தச் சேதாரம் இல்லை. ஆகவே பெயர் வாயைச் சுட்டக்கூடாது, கடந்துபோகும் இடத்தைச் சுட்ட வேண்டும்.

‘முதல்’ எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். பேட்ச் வழி வந்த ஹார்மோனையும் கல்லீரல் பிறகு சிதைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது உடம்பைச் சுற்றி வந்த பிறகு நடப்பது. ‘முதல்’ போனால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சேதாரம் என்றால் இழப்பு மட்டும்தான் தெரிகிறது. ஈஸ்ட்ரடையால் மாத்திரை மொத்தமாகக் கல்லீரலைத் தொடுவதால் அங்கே ரத்தம் உறையச் செய்யும் புரதங்களின் உற்பத்தி கூடுகிறது. ரத்தக்கட்டு அபாயம் உள்ள பெண்களுக்கு மருத்துவர்கள் பேட்ச்சை விரும்புவது இதனால்தான். இதை ஒரே சொல்லில் அடக்க எனக்குத் தெரியவில்லை. கையேட்டில் தனி வாக்கியமாக எழுதுகிறேன்.

அப்புறம் இரண்டு துணைச்சொற்கள். உறிஞ்சலுக்கு இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘அகத்துறிஞ்சல்’ எனக்கு ‘உட்கிரகித்தலை’விடப் பிடித்திருக்கிறது. கொடுத்த மருந்தில் எத்தனை பங்கு ரத்தத்தில் சேர்ந்தது என்பதற்கு ‘சேர்விகிதம்’ போதும். ‘சாப்பிடுவது உடம்பில் சேரவே இல்லை’ என்று வீட்டில் சொல்கிறோம் அல்லவா, அந்தச் சேர்தல்தான்.

கையேட்டில் வரி இப்படி வரும்: “இந்த மாத்திரையின் அகத்துறிஞ்சல் நன்றாக இருந்தாலும், முதற்கடவுச் சேதாரம் அதிகம் என்பதால் சேர்விகிதம் குறைவு.” வீட்டில் யாரிடமாவது இதை வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று எழுதுங்கள். வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்