‘ரெட்கான்’ என்பதற்கு ‘முன்கதை மறுவரைவு’: ஃபிளாஷ் தொடரை முன்வைத்து ஒரு பரிந்துரை

> ‘ரெட்கான்’ என்பதற்குப் ‘பின்னோக்குத் தொடர்ச்சி’ என்று வைத்துக்கொள்ளலாமா? காலப்பயணக் கதைகளில் கடந்தகாலம் மாறுவதையும் அதே சொல்லால் குறித்துவிடலாம் அல்லவா?

ஐயா, வணக்கம்.

ஏற்கெனவே வெளியான கதைச் செய்தியை, அது தொடக்கம் முதலே வேறாக இருந்ததாகப் பின்னால் எழுத்தாளர் மாற்றிவிடுவதே ‘ரெட்கான்’ (retcon). தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் என்னைத் தயங்க வைக்கிறது. கடந்தகாலத்தைக் கதைக்குள்ளே ஒரு பாத்திரம் மாற்றுவதும், கதைக்கு வெளியே அமர்ந்து எழுத்தாளர் மாற்றுவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால், சித்திரக்கதைகளின் கதைமரபைத் தொலைக்காட்சித் தொடர்கள் எப்படிக் கையாளுகின்றன என்பதைத் தமிழில் எழுத முற்படுபவர் முதல் பத்தியிலேயே தடுமாறுவார். (‘தொன்மம்’ என்பதை இங்கே தவிர்த்துக் ‘கதைமரபு’ என்கிறேன். நூறாண்டுகூட ஆகாத, பதிப்பகத்தின் உரிமையில் இருக்கும் கதைகளுக்குத் தொன்மம் என்ற சொல் பெரிது.)

அமெரிக்காவின் சிடபிள்யூ அலைவரிசையில் 2014 முதல் 2023 வரை ஒளிபரப்பான ‘தி ஃபிளாஷ்’ தொடரை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் மின்னல்வேக நாயகன் ஃபிளாஷாக மாறப்போகும் சிறுவன் பேரி ஆலனின் கண்ணெதிரே மஞ்சள் மின்னலுக்குள் ஓர் உருவம் சுழல்கிறது. தாய் நோரா கொல்லப்படுகிறார். செய்யாத கொலைக்காகத் தந்தை ஹென்றி சிறைக்குப் போகிறார். தொடர் முழுவதையும் இயக்கும் விசை இந்த ஒரே இரவுதான். தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்கள், பேரியின் கதை தொடக்கம் முதலே இப்படித்தான் இருந்தது என்று நம்புவது இயல்பு. ஆனால் 1956இல் சித்திரக்கதையில் அறிமுகமான பேரிக்கு இந்தத் துயரம் கிடையாது. அவருடைய பெற்றோர் இருவரும் பிற்காலக் கதைகளில் உயிரோடு வந்துபோகிறார்கள். 2009இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய குறுந்தொடரில்தான், இயோபார்ட் தாவ்ன் (Eobard Thawne) என்ற பகைவன் காலத்தில் பின்சென்று நோராவைக் கொன்றான் என்பது நிறுவப்படுகிறது. அதாவது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கதையின் அடிமண்ணை எழுத்தாளர் மாற்றினார். அந்த மாற்றத்துக்குக் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரத்தைக் காரணமாகவும் வைத்தார். இரு செயல்களும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதால்தான் அவற்றைப் பிரித்துச் சொல்லும் சொற்கள் நமக்குத் தேவைப்படுகின்றன.

தொலைக்காட்சித் தொடர் செய்தது இன்னும் நுட்பமானது. மிகப் பிந்தி வந்த இந்த மாற்றத்தை எடுத்து, தன் கதையின் முதல் காட்சியாக வைத்துக்கொண்டது. சித்திரக்கதையில் ரெட்கானாக இருந்த செய்தி, தொடரில் ரெட்கான் அல்ல. அங்கே மாற்றப்படுவதற்கு முந்தைய கதை என்று ஒன்று இல்லை. மாறாக, மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில், காலத்தில் பின்சென்று தாயைக் காப்பாற்றிவிட்டு, மீண்டும் அந்த முடிவை விட்டுக்கொடுத்துத் திரும்பும் பேரி, உலகம் சற்றே பிறழ்ந்திருப்பதைக் காண்கிறார்: நண்பன் சிஸ்கோவின் அண்ணன் இறந்திருக்கிறார், ‘ஆரோ’ என்ற இணைத்தொடரின் பாத்திரமான டிக்கலுக்கு மகள் இருந்த இடத்தில் மகன் இருக்கிறான். இது பாத்திரத்தின் செயலால் விளைந்தது. முன்பு அந்தப் பெண்குழந்தை இருந்தாள் என்பதைத் தொடர் மறைக்கவில்லை. அவளை இழந்ததையே கதையாக்குகிறது. இதற்குக் ‘காலமாற்றம்’ என்ற எளிய சொல் போதும்.

இனி, நம் சொல்லாக்கக் குழுவில் முன்வைக்கப்பட்ட மற்றச் சொற்களைப் பற்றி. ‘முன்தேதித் திருத்தம்’ அரசாணைகளால் பழகிய சொல்லாட்சியை ஒட்டியது. பொருள் உடனே விளங்கும். ஆனால் திருத்தம் என்றதும் ஏதோ பிழை இருந்தது என்றாகிவிடுகிறது. 2009இல் நடந்தது பிழை நீக்கம் அன்று. ஒரே நூலின் ஏடுகளுக்கிடையே காணும் வேறுபாட்டைக் குறிக்கும் ‘பாடபேதம்’ பொருந்தாது, இரண்டு பாடங்களும் ஏட்டில் அருகருகே நிற்கலாம், ஆனால் ரெட்கானில் புதியது பழையதை விலக்கிவிட்டு ‘எப்போதும் இப்படித்தான்’ என்கிறது. ‘பின்னோக்குத் தொடர்ச்சி’ 1983இல் ஓர் அமெரிக்கச் சித்திரக்கதை இதழின் வாசகர் கடிதப் பகுதியில் இடம்பெற்ற முழுத்தொடரின் நேர்ப்பெயர்ப்பு. எது மாறுகிறது, யார் மாற்றுகிறார் என்ற இரண்டையும் அது சொல்லவில்லை.

என் பரிந்துரை ‘முன்கதை மறுவரைவு’. வார இதழ்த் தொடர்களின் ‘முன்கதைச் சுருக்கம்’ வழியாக, ஏற்கெனவே சொல்லப்பட்ட கதை என்ற பொருளில் ‘முன்கதை’ நமக்கு நெடுநாள் பழக்கம். வரைபவர் எழுத்தாளர் மட்டுமே, பாத்திரம் வரைவதில்லை. ‘முன்கதையை மறுவரைந்தார்’, ‘மறுவரைந்த முன்கதை’ என்று வினையாகவும் அடையாகவும் தடையின்றி வருகிறது. பிறகு எடுக்கப்படும் முந்தைய காலக் கதையையும் சிலர் முன்கதை என்கிறார்கள் என்ற மறுப்பு எழலாம். ‘மறுவரைவு’ உடன் நிற்கும்போது அந்தக் குழப்பம் நேராது என்பது என் கருத்து.

ஒரே ஓர் இடம் எனக்கும் கடினமாக இருக்கிறது. முதல் அத்தியாயத்தின் இறுதியில் காட்டப்படும் எதிர்கால நாளிதழ், ஃபிளாஷ் மறையும் நாளை 2024 ஏப்ரல் 25 என்கிறது. ஐந்தாம் பருவத்தின் முடிவில் அந்த நாளிதழிலேயே ஆண்டு 2019 ஆக மாறுகிறது. ஃபிளாஷ் மறைவதாகச் சொல்லப்பட்ட அந்த நெருக்கடியை மையமாகக் கொண்டு ஐந்து தொடர்களை இணைத்த பெருங்கதை அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஒளிபரப்பாகத் தொடங்கியது. தேவை தயாரிப்பாளர்களுடையது, ஆனால் நிகழ்ந்த விதம் காலமாற்றம். முந்தைய தேதி இருந்ததைக் கதை ஒப்புக்கொள்கிறது என்பதால் இதைக் காலமாற்றம் என்றே வகைப்படுத்துவேன். குழுவில் வேறு கருத்து இருந்தால் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

சொற்பட்டியலுக்கான பதிவு:

முன்கதை மறுவரைவு: ஏற்கெனவே வெளியான கதைச் செய்தியை, அது தொடக்கம் முதலே வேறாக இருந்ததாகக் கொண்டு, பின்னால் வரும் படைப்பில் எழுத்தாளர் மாற்றி நிறுவுதல். பாத்திரங்கள் காலத்தில் பின்சென்று நிகழ்த்தும் மாற்றத்துக்குக் ‘காலமாற்றம்’ காண்க.