வலசைப் பறவை பார்க்கக் குடும்பத்தோடு போக: செப்டம்பரா, நவம்பரா? எத்தனை மணிக்கு?

ஈசூன் அம்மா:

வணக்கம். வடக்கே இலையுதிர்காலம் தொடங்கினால் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் பறவை வரத் தொடங்கும் என்கிறார்கள். இந்த விடுமுறைக்குக் கடைத்தொகுதி வேண்டாம், வெளியே போகலாம் என்று இருக்கிறோம். மகள் தொடக்கநிலை 3, மகன் பாலர் பள்ளி. மாமியாருக்கு 70 வயது, முழங்கால் வலி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது. கார் இல்லை.

செப்டம்பர் விடுமுறையில் போவதா, நவம்பரில் தேர்வெல்லாம் முடிந்து போவதா? போனவர்கள் பலர் “சேறும் உடும்பும்தான் தெரிந்தது” என்கிறார்கள், ஏன் அப்படி? பிள்ளைகளுக்கு எந்த மாதிரி பைனாகுலர் வாங்கலாம்? ஒரு நாள் புலாவ் உபின் தீவுக்கும் போகலாமா?

கிராஞ்சிக் கொக்கு:

சேறுதான் தெரிந்தது என்றால் வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும் நேரத்தில், போயிருக்கிறார்கள். இங்கே எல்லாருக்கும் தலைகீழாகப் புரிவது இதுதான்.

உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த அலகுள்ள கரைப்பறவை) எல்லாம் சேற்றைக் கிளறிப் புழு, நண்டு தின்னும் பறவைகள். கடல் வற்றினால் வெளியே மண்டாய் சேற்றுநிலம் பரந்து கிடக்கும், அத்தனையும் அங்கே மேயப் போய்விடும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் கால் ஊன்ற இடம் தேடிக் காப்பகத்துக் குளங்களுக்குள் வரும். அந்தக் குளங்கள் பழைய இறால் பண்ணைக் குளங்கள். மதகு வைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், வெளியே கடல் முழுக்க ஏறியிருக்கும்போதும் உள்ளே திட்டுகள் தெரியும். ஆகவே ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், பறவைக்குத் தெரியாமல் இருந்து பார்க்கும் மறைவிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். ஏற்றம் கழிந்து இரண்டு மணி நேரத்தில் பாதி கிளம்பிவிடும்.

நாள் பார்க்கச் சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில் சிங்கப்பூரில் பெரிய ஏற்றம் ஏறக்குறைய காலை 10 முதல் 12-க்குள் வரும். அதன்பின் நாளுக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அரைகுறை, நேரமும் விடிகாலை அல்லது மாலை. அஷ்டமியில் நல்ல காரியம் வேண்டாம் என்று பாட்டி சொல்வது இதற்கு மட்டும் சரியாகப் பொருந்தும்.

தீபாவளி அமாவாசையை ஒட்டியே வருவதால் தீபாவளி விடுமுறையே நல்ல நாள். பலகாரம் செரிக்கவும் வழி. கடல் ஏற்ற வற்ற அட்டவணையில் தஞ்சோங் பகார் நேரம் போட்டிருக்கும். 1924-இல் கடற்பாலம் திறந்ததிலிருந்து ஜொகூர் நீரிணை நடுவில் அடைபட்டது, கிராஞ்சிக்கு நீர் மேற்கிலிருந்து மட்டும்தான் வரும். நேரம் சற்று மாறும் என்பதால் நிமிடக் கணக்குப் பார்க்காதீர்கள். 2.3 மீட்டர் ஏற்றத்தைவிட 2.8, 3.0 என்று போட்டிருக்கும் நாள் எவ்வளவோ மேல்.

மாதம் பற்றி: வலசைக் காலம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. முதலில் வருபவை வளர்ந்த பறவைகள், அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள் பின்னால் வரும். செப்டம்பரில் வரும் பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றில் இனப்பெருக்கக் காலக் கருமை திட்டுத் திட்டாக இன்னும் ஒட்டியிருக்கும், பிள்ளைகள் உடனே அடையாளம் காண்பார்கள். நவம்பரில் வகையும் எண்ணிக்கையும் கூடும், ஆனால் எல்லாம் சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோல இருக்கும். முதல் முறை என்றால் செப்டம்பரில் ஒன்று, தீபாவளியில் ஒன்று என்று இரண்டு முறை போங்கள். நுழைவு இலவசம்தானே.

மாமியாருக்காக: வாசல் இரண்டு. கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925 பேருந்து கிராஞ்சி வே பக்கம் விடும். அங்கிருந்து கடலோரப் பாதையே 1.3 கிலோமீட்டர், அவருக்கு ஆகாது. டாக்சியில் நியோ தியூ கிரசென்ட், எண் 301 என்று சொல்லி இறங்கினால் முதன்மைப் பாலமும் அதைத் தாண்டிய மறைவிடமும் பக்கம். வலசைப் பறவைப் பாதை முழுவதும் சுமார் 2 கிலோமீட்டர், அதைச் சுற்ற வேண்டாம். மறைவிடத்தில் கூரை உண்டு, அவர் அங்கேயே உட்காரலாம். திரும்பும்போது வழியில் டாக்சி ஓடாது, செயலியில் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிளம்புமுன் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று தேசியப் பூங்காக் கழகத் தளத்தில் பாருங்கள்.

பாலத்தில் நிற்கும்போது மகன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே உப்புநீர் முதலை இருப்பது கதை அல்ல. பிளாஸ்டிக் பையில் நொறுக்குத்தீனி எடுத்துப் போனால் குரங்கு வந்து பிடுங்கும், முதுகுப் பைக்குள் வையுங்கள். வனவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

லென்ஸ் மாமா:

பைனாகுலருக்கு வருகிறேன். கடையில் 10×25 என்று கைக்கு அடக்கமாக ஒன்றைக் காட்டுவார்கள், பிள்ளைகளுக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள். முன் லென்ஸின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். கண்ணை இம்மியும் அசைக்காமல் வைத்தால்தான் படம் தெரியும், பிள்ளைகளுக்குப் பாதி நேரம் கறுப்புத்தான். 10 மடங்கில் கை நடுக்கமும் 10 மடங்கு. 6×30 என்றால் ஒளிவட்டம் 5 மில்லிமீட்டர், நடுக்கம் குறைவு, பரப்பு அதிகம். பெரியவர்களுக்கு 8×42.

இன்னொன்று, பிள்ளைகளின் கண்களுக்கு இடையிலுள்ள தூரம் குறைவு. பெரியவர்களுக்கான பைனாகுலர் பலவற்றை 56 மில்லிமீட்டருக்குக் கீழே மடக்க முடியாது. கடையிலேயே மகனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வட்டமாகத் தெரிகிறது என்றால் சரி, இரண்டு வட்டம் என்றால் அவனுக்கு அது ஆகாது.

சரிசெய்யும் முறை: வலது லென்ஸைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது கண்குழியில் (பைனாகுலரில் கண் வைக்கும் பக்கம்) உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதோடு அந்த வளையத்தின் வேலை முடிந்தது, அதன்பின் நடுச்சக்கரம் மட்டும்தான். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் கண்குழி ரப்பரை உள்ளே திருகிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் வெட்டுப்படும்.

குளிரூட்டிய அறையிலிருந்தோ டாக்சியிலிருந்தோ நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக் கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. பையை மூடியே வைத்து, வெளிச்சூடு ஏறிய பிறகு திறங்கள். கொசு மருந்தில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் இருந்தால் அது பிளாஸ்டிக்கையும் ரப்பர் பூச்சையும் அரிக்கும். பூசிய கையைத் துடைத்துவிட்டுத்தான் பைனாகுலரைத் தொட வேண்டும். முதலில் வெயில் கிரீம், அது காய்ந்தபின் கொசு மருந்து.

பிள்ளைகளுக்குப் பெயர்ப்பட்டியல் கொடுத்துக் குழப்பாதீர்கள், கால், அலகு, நடத்தை மூன்றும் போதும். கால் செம்மஞ்சள், பறக்கும்போது இறக்கையின் பின்ஓரம் வெள்ளை என்றால் பவளக்கால் உள்ளான். கால் பச்சை, அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் பச்சைக்கால் உள்ளான். நீண்ட அலகு கீழ்நோக்கி வளைந்தால் சின்னக் கோட்டான். குட்டை அலகோடு நாலு அடி ஓடி சட்டென்று நின்றால் உப்புக்கொத்தி. ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டு தனியாகத் திரிந்தால் சாதாரண உள்ளான்.

உபின் பிரியர்:

அக்கா, உபினுக்குத் தாராளமாகப் போகலாம். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பம்போட் என்ற சிறு படகு, 12 பேர் சேர்ந்ததும் எடுப்பார்கள். ரொக்கம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் வேன் வைத்துக்கொண்டால் மாமியாருக்குத் தீவின் செக் ஜாவா சதுப்புநிலம் வரை நடை மிச்சம். நவம்பரில் காலையிலேயே போனால் நட்சத்திர மீன், நண்டு எல்லாம் பலகைப் பாதையிலிருந்தே தெரியும்.

கிராஞ்சிக் கொக்கு:

கடைசி வரியில் மட்டும் உடன்பாடில்லை. செக் ஜாவாவுக்கு வற்றம் வேண்டும், அதுவும் 0.5 மீட்டருக்குக் கீழே. ஆண்டின் நடுவில் அந்த ஆழமான வற்றம் விடிகாலையை ஒட்டி வரும். நவம்பர், டிசம்பரில் அது மாலைக்கும் இரவுக்கும் போய்விடும். காலையில் போனால் பலகைக்குக் கீழே வெறும் தண்ணீர். மாலை 5 மணி வற்றத்துக்குப் போகலாம் என்றால் 6 மணிக்குச் செக் ஜாவாவை மூடிவிடுவார்கள், படகும் அதன்பின் குறைந்துவிடும். செப்டம்பர் இடைப்பட்ட காலம். அட்டவணையில் பகலில் 0.5-க்குக் கீழே இருந்தால் போங்கள், இல்லையென்றால் உபினை ஜூன் விடுமுறைக்கு வையுங்கள். சதுப்புநிலக் காட்டுக்கும் காட்சிக் கோபுரத்துக்கும் மட்டும் என்றால் எந்த மாதமும் சரிதான்.

அதற்குப் பதிலாகச் சாங்கி கடற்கரையில் இறங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. வற்றம் முடிந்து நீர் ஏறும்போது முதல் மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று. வித்தியாசம் 2.4 மீட்டர் என்றால் முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் ஏறும், அதை நம்பி நின்றால் மூன்றாம் மணியில் மட்டும் 60. வற்ற நேரம் முடிந்து ஒரு மணிக்குள் கரையேறிவிட வேண்டும். செருப்பு போதாது. கல்மீன் முள் செருப்பைத் தாண்டிக் குத்தும், கெட்டியான அடியுள்ள மூடிய காலணி வேண்டும். பார்ப்பதோடு சரி, வாளியில் அள்ளி வர வேண்டாம்.

ஈசூன் அம்மா:

நன்றி. அப்படியானால் உபின் ஜூனுக்குத் தள்ளிவிட்டேன். நவம்பரில் மழை, இடி எப்படி? மாமியார் நடக்கவே வேண்டாத இடம் ஏதாவது?

தேன்பருந்து:

நடக்க வேண்டாம் என்றால் தெலுக் பிளாங்கா மலைப் பூங்காதான். டாக்சி மேலே வரை போகும். அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் வரை தேன்பருந்தும் ஜப்பானிய வல்லூறும் மலாய்த் தீபகற்பத்தின் முனைக்கு வந்து, நம் தலைக்கு மேலே சுற்றி உயரம் பிடித்து, தெற்கே கடலைத் தாண்டும். வெயிலில் தரை சூடேறி எழும் காற்றில்தான் அவை சிறகடிக்காமல் ஏறும். கடல்மேல் அந்தக் காற்று இல்லை, அதனால்தான் நிலம் முடியும் இடத்தில் கூடுகின்றன. ஆகவே விடிகாலையில் போய்ப் பயனில்லை, காலை 10 முதல் மதியம் 2 வரை. முழு நீல வானத்தைவிட வெண்மேகம் உள்ள நாள் நல்லது, நீலத்தில் புள்ளி கண்ணுக்குப் பிடிபடாது. பாய் விரித்துப் படுத்தே பாருங்கள், கழுத்து தப்பும். பக்கத்தில் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம், சாலைக்கு 36 மீட்டர் மேலே. பார்வை விரிவாகக் கிடைக்கும்.

இடிக்கு: அக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். ஆகவே இரண்டு மணி வரை நிற்காமல், ஒரு மணிக்கெல்லாம் வீடு திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் சுமத்ரா பக்கமிருந்து விடிகாலையிலேயே வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும், பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. பறவை மறைவிடமும் பூங்காக் கூடாரமும் மழைக்கு ஒதுங்கத்தான், மின்னலுக்கு அல்ல. ஹெண்டர்சன் வேவ்ஸ் அதைவிட மோசம்.

செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டம் வந்தால் 24 மணி நேர பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) அளவோடு அந்த மணி நேரத்து பிஎம் 2.5 (நுண்துகள்) அளவையும் பாருங்கள், இப்போதைய நிலைமையைச் சொல்வது அதுதான். பிஎஸ்ஐ 100-ஐத் தாண்டினால் பெரியவரையும் பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டாம்.

லென்ஸ் மாமா:

இந்தக் காலத்தில் பறவை உங்கள் புளோக்குக்கே வரும் என்பதையும் சேர்க்கிறேன். நீலச்சிறகு பிட்டா, தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்பார்களே அதன் உறவு, இரவில் பறந்து வரும்போது விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடியில் மோதித் தாழ்வாரத்தில் விழுந்து கிடக்கும். பிள்ளைகள் தண்ணீர் ஊட்டப் போவார்கள், விடாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காற்றுத் துளை போட்ட காலணிப் பெட்டியில் துணி விரித்து, மென்மையாக எடுத்து வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். பூனைக்கு எட்டக் கூடாது. அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.