மகோகனி நுனிக்குருத்து கருகுகிறது: பூஞ்சாணமா, புழுவா?

கேள்வி:
மகோகனி 400 கன்று, 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளி, நட்டு 18 மாதம், உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். புதுத் துளிர் வந்த சில நாளிலேயே நுனி வாடித் தொங்கிக் கருகிவிடுகிறது. அதற்குக் கீழே நாலைந்து பக்கக் கிளை கிளம்பி, மரம் துடைப்பம் மாதிரி நிற்கிறது. பூஞ்சாணக்கொல்லியான கார்பெண்டாசிம் இரண்டு முறை அடித்தும் பலன் இல்லை. அளவைக் கூட்டலாமா?

பதில் 1:
வேண்டாம். வாடிய குருத்தை ஒரு சாண் கீழே வெட்டி, நீளவாக்கில் பிளந்து பாருங்க. நடுத்தண்டு குழல் போலக் குடைந்து, துளை வாயில் நூலில் கோர்த்த மரத்தூள் மாதிரி எச்சம் தொங்கினால் குருத்துத் துளைப்பான். குடைவே இல்லாமல் உள்மரம் மட்டும் பழுப்பேறியிருந்தால் நுனிக்கருகல் நோயைச் சந்தேகிக்கலாம்.

கேட்டவர்:
பிளந்தேன் சார். குடைவு இருக்கு, உள்ளே கரும்புள்ளியோடு நீலநிறப் புழு, 2 செ.மீ. இருக்கும். எந்தப் பூச்சிமருந்து அடிக்கலாம்?

பதில் 1:
அது ஹிப்சிபைலா, நான் சொன்ன குருத்துத் துளைப்பான் அந்துப்பூச்சியின் புழு. உள்ளே போய்விட்ட புழுவைத் தெளிப்பு தொடாது. முட்டை பொரித்துத் துளைக்கும் வரை உள்ள சில நாள்தான் மருந்துக்கு வாய்ப்பு. துளிர்க்கும் காலம் முழுக்க அதைத் துரத்திக்கொண்டே தெளிப்பது கட்டுப்படியாகாது. கத்தரித்து விடுவதுதான் கைகொடுக்கும். வெட்டுமுகத்தில் ஓட்டை தெரியாத இடம் வரை இறங்கி, ஒரு மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்க. வெட்டிய நுனிகளை அன்றைக்கே எரிச்சிடணும். வரப்பில் போட்டால் புழு கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும்.

பக்கத்துளிர் 10–15 செ.மீ. வளர்ந்ததும் நேராக, தடியாக உள்ள ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளி எடுங்க. பலருக்குத் தப்புவது இங்கேதான்: வெட்டிவிட்டு மறுபடி போய்ப் பார்க்காமல் விட்டால் மரம் திரும்பவும் கவைதான், அதாவது தண்டு பல கிளையாகப் பிரிந்துவிடும்.

பதில் 2:
காற்று அதிகமான இடமென்றால் இரண்டு துளிரை விட்டு, ஒரு மாதம் கழித்து ஒன்றை எடுப்பது பாதுகாப்பு. துளிர்க்கும் சமயத்தில் வாரம் ஒருமுறை குறுக்கும் நெடுக்குமாக நடந்து 40 மரத்தின் நுனியைப் பாருங்க. எச்சம் ஈரமாக, வெளிர்நிறமாக இருந்தால் புதுத் தாக்குதல். காய்ந்து கறுத்திருந்தால் பழசு. யூரியாவை அள்ளிப் போடாதீங்க, சதைப்பற்றான குருத்து அந்துப்பூச்சிக்கு அழைப்பு. பக்கத்தில் சந்தன வேம்பு இருந்தால் அதையும் பாருங்க, அதே பூச்சிதான்.

கேட்டவர்:
எத்தனை வருஷம் இப்படிப் பார்க்கணும்?

பதில் 1:
அடிமரம் கவையில்லாமல் 5–6 மீட்டர் ஏறும் வரை. அதற்கு மேல் நுனியைத் துளைத்தாலும் விலைபோகும் பகுதி நேராக இருக்கும்.