‘ரிலக்டன்ட்’ என்று சொன்னால் மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக வீடு, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று பலரும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன். ரிலக்டன்ட். ‘லக்’ என்ற இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். அகராதியைப் புரட்டினால் ‘விருப்பமில்லாத’ என்றும் இருக்கும், ‘தயங்குகிற’ என்றும் இருக்கும். எந்த இடத்தில் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் இரண்டு முறை தவறியிருக்கிறேன்.

வந்த முதல் வருடம், குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டு, “ஐ ஆம் ரிலக்டன்ட் டு கிவ் ஹிம் ஆன்டிபயாடிக்ஸ்” என்றார். மருந்து தர மாட்டேன் என்கிறார் என்றே என் காதில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மனம் கொதித்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனபோதுதான் அவர் பொறுமையாக விளக்கினார். வைரஸ் காய்ச்சல் போலத் தெரிகிறது, வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, தேவையில்லாமல் கொடுத்தால் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்கு அடங்காமல் போகும், காய்ச்சல் நீடித்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். முதல் நாளே “ஏன் டாக்டர்?” என்று கேட்டிருந்தால் அன்றைக்கே இதெல்லாம் தெரிந்திருக்கும். தனக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதைத்தான் அவர் அந்தச் சொல்லில் சொல்லியிருந்தார்.

அப்புறம் அலுவலகத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஒரு வேலையின் கெடுவைத் தள்ளிவைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்டேன். “ஐட் பி ரிலக்டன்ட் டு மூவ் தட் டேட்” என்றார். சரி, யோசிக்கிறார், முழுதாக மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, தேதி தள்ளிப்போகலாம் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். தள்ளிப்போகவில்லை. கடைசி வாரம் நான்கு பேர் என்னால் இரவெல்லாம் உட்கார வேண்டியதாயிற்று. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஒரே சொல்தான். டாக்டர் சொன்னபோது கதவு கொஞ்சம் திறந்திருந்தது, மேலாளர் சொன்னபோது ஏறக்குறைய மூடியிருந்தது. அந்தச் சொல் ஒருவருடைய மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. காரியம் நடக்குமா நடக்காதா என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்பவர் யார், முடிவு யார் கையில் என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் “ஐட் பி ரிலக்டன்ட்” என்று சொன்னால் பெரும்பாலும் அது மரியாதையாகச் சொன்ன ‘இல்லை’. அந்த ‘ஐட் பி’யைக் கவனியுங்கள். ‘நீங்கள் கேட்டால் எனக்கு மனம் வராது, அதனால் கேட்காமல் இருப்பது நல்லது’ என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. சந்தேகம் இருந்தால், “அப்படியானால் பழைய தேதியையே வைத்துக்கொள்ளலாமா?” என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லுக்டாரி’ என்றால் மல்லுக்கட்டுவது, ‘ரிலக்டாரி’ என்றால் எதிர்த்து மல்லுக்கட்டுவது. எலக்ட்ரிகல் படித்தவர்களுக்கு இது இன்னும் எளிது. காந்தச் சுற்றில் காந்தப் பாயம், அதாவது காந்தத்தின் ஓட்டம், செல்வதை எதிர்க்கும் தன்மையைக் குறிக்கும் ‘ரிலக்டன்ஸ்’ இதே சொல்தான், 1888இல் ஆலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் வைத்த பெயர். இரும்பில் அது குறைவு, காற்று இடைவெளியில் மிக அதிகம். ஆனால் காற்று இடைவெளி காந்தப் பாயத்தை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. கூடுதல் விசை கொடுத்தால் பாயம் கடந்து போகும். ரிலக்டன்ட் ஆன மனிதரும் அப்படித்தான். சரியான காரணம் கிடைத்தால் ஒத்துக்கொள்வார். அதனால்தான் கடிதங்களில் “ரிலக்டன்ட்லி அக்ரீட்” என்று அடிக்கடி பார்க்கிறோம்: மனமில்லாமல்தான், ஆனாலும் சம்மதித்தார்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘தயக்கம்’ இல்லை என்பது என் எண்ணம். ‘மனசு வரவில்லை’ என்பதுதான். வீட்டை விற்க மனசே வரவில்லை என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார் இல்லையா, அவர்தான் ரிலக்டன்ட். தயங்குகிறவருக்கு இன்னும் ஒரு முடிவும் தெரியவில்லை, அவரை ‘ஹெசிடன்ட்’ என்பார்கள். ரிலக்டன்ட் ஆனவருக்குத் தன் மனம் எந்தப் பக்கம் என்று நன்றாகவே தெரியும். ‘அன்வில்லிங்’ என்றால் இஷ்டமில்லை, செய்வதாக இல்லை. அதோடு பேச்சு முடிந்தது.

நமக்கு வரும் சிக்கலுக்கு ‘மாட்டேன்’ என்ற சொல்லும் ஒரு காரணம். “அவர் நாளைக்கு வரமாட்டார்” என்றால் அவருக்கு வர விருப்பமில்லை என்றும் இருக்கலாம், வேறு வேலை இருக்கிறது என்றும் இருக்கலாம். தமிழில் கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். அதையே ஆங்கிலத்தில் “ஹி இஸ் நாட் வில்லிங் டு கம்” என்று சொன்னால் அவர் மறுத்துவிட்டார் என்று ஆகிவிடும். உடம்பு சரியில்லாமல் வராத சக ஊழியரைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டால் அவருக்குத்தான் கெட்ட பெயர். “ஹி கான்ட் கம்” போதும்.

சிலருக்கு இந்த வேறுபாடு வாழ்க்கையையே தொடும் விஷயம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை யார் அகதி என்று வரையறுக்கும் இடத்தில் ‘அன்ஏபிள்’, ‘அன்வில்லிங்’ என்ற இரண்டு சொற்களும் வருகின்றன. நியாயமான அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர், அந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவராக இருக்கலாம், அல்லது அதே அச்சத்தால் அதை நாட விரும்பாதவராக இருக்கலாம். விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் இதைத் ‘தயங்குகிறீர்களா’ என்று சொல்லி, நீங்களும் “ஆமாம், கொஞ்சம் தயக்கம்தான்” என்று பதில் சொன்னால், நீங்கள் சொல்ல வந்தது எவ்வளவு மெலிந்துபோகிறது என்று பாருங்கள். கேள்வி தெளிவாக இல்லை என்றால் திரும்பக் கேளுங்கள். போக முடியாது என்பதும், பயத்தால் போக விரும்பவில்லை என்பதும், மனசு வரவில்லை என்பதும் மூன்று வேறு பதில்கள். உங்களுடையது எது என்பதை உங்கள் சொந்த வார்த்தையில், காரணத்தோடு சொல்லுங்கள்.

நாமே இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது கடினமில்லை. ‘ரிலக்டன்ட் டு’ போட்டு வினைச்சொல்லைச் சேர்த்தால் போதும். ‘ரிலக்டன்ட் ஃபார்’, ‘ரிலக்டன்ட் இன்’ என்றெல்லாம் வராது. “ஐ டோன்ட் வான்ட் டு” என்று முகத்துக்கு நேராகச் சொல்வதைவிட “ஐ ஆம் எ பிட் ரிலக்டன்ட் டு டேக் திஸ் ஆன், பிகாஸ்...” என்று தொடங்கிக் காரணத்தைச் சொன்னால் நன்றாக எடுபடும். காரணத்தை விட்டுவிட்டால் ஒப்புக்குச் சொல்வது போல ஆகிவிடும்.

ஆனால் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். உறுதியாக மறுக்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். புரியாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், பாஸ்போர்ட்டைக் கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘ரிலக்டன்ட்’ என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சம்மதிப்பார் என்று அவர்களுக்குத் தோன்றும். “நோ. ஐ வில் நாட் சைன் திஸ்.” அவ்வளவுதான்.

இதே பொருளில் ‘லோத்’ என்று ஒரு சொல் உண்டு. ரிலக்டன்டைவிட அழுத்தம் கூடியது, எழுத்தில்தான் அதிகம் பார்ப்பீர்கள். கடைசி ஒலி ‘பத்து’வில் வருவதைப் போல வன்மையாக இருக்க வேண்டும். ‘அது’வில் வருவதைப் போல மென்மையாகச் சொன்னால் ‘அருவருக்கிறேன்’ என்ற வேறு சொல்லாகிவிடும். ‘அவர்ஸ்’ என்பதும் விருப்பமின்மைதான், ஆனால் “நாட் அவர்ஸ் டு” என்று யாராவது சொன்னால் அவருக்கு ஆட்சேபம் இல்லை என்று பொருள். பெரும்பாலும் உள்ளுக்குள் ஆசையே இருக்கும்.

ஒரு தங்கை கேட்டிருந்தார்: பள்ளி அறிக்கையில் மகனை ‘ரிலக்டன்ட் ரீடர்’ என்று எழுதியிருக்கிறார்கள், படிக்கத் தெரியவில்லை என்று சொல்கிறார்களா? இல்லை அம்மா, பயப்படாதீர்கள். படிக்கத் தெரிந்தும் புத்தகத்தை எடுக்க மனம் வராத பிள்ளைகளைத்தான் ஆசிரியர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். திறமையில் குறை இருந்தால் அதைத் தனியாக எழுதியிருப்பார்கள். ‘ரெட்டிசென்ட்’ என்று இன்னொரு இடத்தில் இருந்தால் அது அதிகம் பேசாத பிள்ளை என்ற பொருளில் வருவது. ஆங்கிலம் பேசுகிறவர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கும்போது, வகுப்பில் எந்த மாதிரிப் புத்தகத்தை அவன் தானாகக் கையில் எடுக்கிறான் என்று கேளுங்கள். வீட்டிலும் அதே மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.