சந்தையிலை மூண்டு நிறத் தொட்டி வைச்சும் குப்பை கலக்குது, எதை மாத்தலாம்?

குளக்கட்டு:

முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமச் சந்தை ஒண்டு. மரக்கறி, மீன் கொட்டில், தேத்தண்ணிக் கடை எல்லாம் சேர்த்து நாற்பது கடை வரும், பக்கத்திலை பஸ் தரிப்பிடம். வாசலிலை 200 லீற்றர் பரல் மூண்டு பச்சை, நீலம், செம்மஞ்சள் பெயின்ற் அடிச்சு, வாய் திறந்தபடி நிக்குது. நிறம்தான் வேறை, உள்ளுக்கை எல்லாம் ஒண்டு: கோவா இலை, சோத்துப் பார்சல் தாள், சோடாப் போத்தல், மீன் குடல். இரவிலை கட்டாக்காலி மாடு சரிச்சுப்போட்டுப் போகும். விடிய நாயும் காகமும் மிச்சத்தை ரோட்டுக்கு இழுக்கும்.

உழவு மெசின் கிழமைக்கு ரெண்டு தரம் வருது, மூண்டு பரலையும் ஒரே பெட்டிக்குள்ளைதான் கொட்டினம். புதுத் தொட்டி வாங்கக் காசில்லை. பக்கத்திலை வெல்டிங் பட்டறை இருக்கு, பழைய பரல் இன்னும் எடுக்கலாம். வாயை எப்பிடி அமைக்கிறது, மாட்டை எப்பிடித் தடுக்கிறது, மரக்கறிக் கழிவைச் சந்தைக் காணிக்குள்ளையே கூட்டெருவாக்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாலைமரம்:

தொட்டியிலை கைவைக்க முதல் மெசின் பெட்டியைப் பாருங்கோ. பிரிச்சுப் போட்டதை ஒண்டாக் கொட்டுறதைச் சனம் ஒருக்கால் கண்டால் காணும், பிறகு எந்த நிறமும் எடுபடாது. பெட்டிக்கு நடுவிலை ஒரு பலகை மறிப்பு வைச்சால் ரெண்டு வகை ஏத்தலாம். போத்தலை உரப்பையிலை கட்டிப் பக்கத்திலை தொங்கவிட்டாலும் சரி. ரெண்டும் சரிவராட்டி, ஒரு நாள் உக்கிறது, மற்ற நாள் மிச்சம் எண்டு நாளைப் பிரிக்கப் பிரதேச சபையோடை கதையுங்கோ.

எத்தினை வகைக்குப் போற இடம் இருக்கோ அத்தினை தொட்டிதான் வைக்கலாம். நாட்டிலை உள்ள நிற முறைப்படி பச்சை உக்கிறதுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்ரிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கும் சிரட்டைக்கும். ஐஞ்சையும் நிரைக்கு வைச்சால் திறப்புவிழாப் படத்துக்கு வடிவாத்தான் இருக்கும். உங்களுக்குக் காணுறது மூண்டு: உக்கிறது, போத்தல், மிச்சம். மட்டைப்பெட்டியைக் கடைக்காரரே மடிச்சுக் கட்டி விக்கட்டும், நீலப் பரலை மிச்சத்துக்கு மாத்துங்கோ. மூண்டும் ஒட்டினபடி நிக்கவேணும். தனிய நிக்கிற தொட்டிக்குள்ளை, அது எந்த நிறமெண்டாலும், எல்லாம்தான் விழும்.

பச்சைக்கு 200 லீற்றர் பரல் கூடாது. ஈர மரக்கறிக் கழிவு லீற்றருக்கு 300 முதல் 500 கிராம் வரும். அப்ப நிறைஞ்ச பரல் 60 முதல் 100 கிலோ. ரெண்டு பேர் அதைப் பெட்டி உயரத்துக்குத் தூக்கேலாது. நிலத்திலை சரிச்சு, மண்வெட்டியாலை அள்ளி எறிவினம். பாதிக் கலப்பு அங்கைதான் நடக்குது. கைபிடி உள்ள 60 லீற்றர் வாளி வையுங்கோ, காணாட்டி இன்னொண்டு. பரலைப் போத்தலுக்கு விடுங்கோ, நிறைஞ்சாலும் பாரமில்லை.

போத்தல் பரலுக்கு மேலை தகரத்தை வெல்ட் பண்ணி நடுவிலை 12 செ.மீ வட்டம் வெட்டுங்கோ. ஒண்டரை லீற்றர் போத்தல் போகும், விரிஞ்ச பார்சல் போகாது. வெட்டின விளிம்பு கையைக் கிழிக்கும், பழைய ஹோஸைக் கீறிப் போர்த்துவிடுங்கோ. 2009இலை அமெரிக்காவிலை வெளிவந்த ஆய்வு ஒண்டிலை, இப்பிடி வாயை மாத்தின தொட்டிக்குள்ளை பிழையான சாமான் 95 வீதம் குறைஞ்சது. கழட்டி எடுக்கப் பக்கத்திலை ஒரு கதவு, அதிலை கம்பிவலை. உள்ளுக்கை போத்தல் தெரிஞ்சால் அடுத்தவரும் போத்தல்தான் போடுவார். அடியிலை 10 மி.மீ ஓட்டை ஏழெட்டுப் போடுங்கோ. மாரியிலை தண்ணி நிண்டால் ஒரு கிழமை பத்து நாளிலை நுளம்பு பறக்கும்.

மாட்டுக்கு: 50 மி.மீ பைப்பை 60 செ.மீ ஆழத்திலை கொங்கிறீற் போட்டு நட்டு, அதிலை வளையம் வெல்ட் பண்ணி வாளியை அதுக்குள்ளை இறக்குங்கோ. மூடி தானா விழவேணும், அழுக்கு மூடியைத் தொட்டுச் சாத்த ஒருத்தரும் வராயினம். பிணைச்சலுக்குப் பின்னாலை ஒரு கம்பித்துண்டை வைச்சு மூடி நேரா நிமிராமல் தடுத்தால், கையை எடுத்தவுடனை விழும். காடு கிட்ட எண்டால் பச்சை வாளியை இரவுக்கு வெளியிலை விடாதேங்கோ. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டிலை பொலித்தீன் தின்று யானை செத்தது எல்லாருக்கும் தெரியும்.

மண்வெட்டி:

கூட்டெரு போடலாம், மீனைச் சேர்க்காமல். மீன் கொட்டிலுக்கு மூடி போட்ட தனி வாளி குடுத்து, அண்டண்டைக்கே ரெண்டடிக் கிடங்கிலை தென்னைக்குக் கிட்டத் தாட்டுவிடுங்கோ. கூட்டெருவுக்குள்ளை விட்டால் இலையான், எலி, எலிக்குப் பின்னாலை பாம்பு.

நிலத்துக்கு மேலை கட்டையும் கம்பிவலையும் வைச்சு, நீளம், அகலம், உயரம் ஒவ்வொரு மீற்றரா மூண்டு பெட்டி அடியுங்கோ. அதிலும் சின்னனெண்டால் சூடு ஏறாது. ஒண்டிலை நிரப்பிறது, மற்றதுக்குப் புரட்டிறது, மூண்டாவதிலை முத்தவிடுறது. அளவாலை ஒரு பங்கு மரக்கறிக்கு ரெண்டு பங்கு காய்ஞ்சது: சருகு, வைக்கல், மரத்தூள். கோவா, பூசணி எல்லாம் தண்ணிச் சாமான், தனியக் குவிச்சால் ரெண்டு நாளிலை சளியா வழியும். காலபோகம் வெட்டி முடிய வயலிலை எரிக்கிற வைக்கலை அப்பவே ஏத்தி வைச்சால் வருசம் முழுக்கக் காணும். ஒவ்வொரு படைக்கும் மேலை கொஞ்சம் சாணம் கரைச்சுத் தெளியுங்கோ.

ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கோ. ஒண்டு ரெண்டு துளி சொட்டினால் ஈரம் சரி, ஒழுகினால் கூட, உதிர்ந்தால் குறைவு. நடுவிலை ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பத்து நிமிசத்தாலை இழுத்துத் தொட்டால் பிடிக்கேலாத சூடு இருக்கவேணும், அது 55 முதல் 65 பாகை. மூண்டு நாள் அந்தச் சூடு நிண்டால் புல் விதையும் பெரும்பாலும் சாகும். பிறகு கிழமைக்கு ஒருக்கால் புரட்டுங்கோ. மூக்கைக் குத்துற நெடி வந்தால் காய்ஞ்சது காணாது. கூழ் முட்டை மணம் வந்தால் ஈரம் கூடிக் காத்துப் போகேல்லை. கச்சான் காத்துக் காலத்திலை குவியல் வெளியிலை காய்ஞ்சு கறையான் பிடிக்கும், கிடுகாலை மூடி ரெண்டு மூண்டு வாளி தண்ணி ஊத்துங்கோ. ஐப்பசி மழை தொடக்கம் மேலை மூடத் தகரம் தேவை. மூண்டு நாலு மாதத்திலை 10 மி.மீ அரிதட்டிலை அரிக்கலாம்.

குளக்கட்டு:

பெரிய உதவி. சோத்துப் பார்சல் தாளை எதுக்குள்ளை போடுறது? பேணி, தகரத்துக்கும் ஒரு தொட்டி வைக்கச் சொல்லிக் குழுவிலை கேக்கினம்.

முள்முருக்கு:

தாள் மிச்சத்துக்குத்தான், சோத்தோடை இல்லை. சோறு கட்டுற பொலித்தீன் தாளுக்கு, லஞ்ச் சீற்றுக்கு, 2017 செப்டெம்பரிலை தடை வந்தது, கடைகளிலை இன்னும் புழங்குது. தேத்தண்ணிக் கடை வாசலிலை ஒரு கழுநீர் வாளி வையுங்கோ. சோத்தை அதுக்குள்ளை உதறினால் மாட்டுக்கோ கோழிக்கோ போகும். கை கழுவுற பைப்புக்குப் பக்கத்திலை வைச்சால் சனம் சொல்லாமலே உதறும், வாசல் தொட்டியடியிலை வைச்சால் உதறாது.

எழுத்துப் பலகையை விட உண்மையான சாமானை ஒட்டுங்கோ. போத்தல் பரலிலை நசிச்ச சோடாப் போத்தல், மிச்சப் பரலிலை யோகட் கோப்பையும் பால்மாப் பக்கற்றும், கம்பியாலை கட்டி, கண் மட்டத்திலை. ஸ்ரிக்கர் எங்கட வெயிலுக்கு வெளிறிப் போகும், எழுதிறதெண்டால் எனாமல் பெயின்ற். மாதத்துக்கு ஒருக்கால் பச்சை வாளி ஒண்டைக் கொட்டி நூறு சாமான் எண்ணிப் பாருங்கோ. பத்துக்கு மேலை பிழை எண்டால் எது பிழையா வருகுதெண்டு பார்த்து அந்தக் கடைக்குப் போங்கோ, ஊருக்கெல்லாம் கூட்டம் வைக்காமல்.

தகரத் தொட்டி வேண்டாம். சண்டை நடந்த வன்னியிலை பழைய இரும்புக்கெண்டு ஒரு வாய் திறந்து வைச்சால், பொடியள் காணியிலை கிடந்த துண்டையும் கொண்டுவந்து போடுவாங்கள், அது என்ன துண்டெண்டு பெரியாக்களுக்கே தெரியாது. பேணியைக் கடைக்காரர் கழுவி வைச்சு இரும்பு எடுக்கிறவரிட்டை நேரை குடுக்கட்டும். சந்தைக் குப்பையை மூலையிலை எரிக்கிறதையும் நிப்பாட்டுங்கோ, நிலத்துக்குள்ளை கிடந்தது சூட்டுக்கு வெடிச்சிருக்கு. பைப்புக்கோ மீன் கிடங்குக்கோ தோண்ட முதல், அந்தக் காணியிலை கண்ணிவெடி அகற்றி முடிஞ்சதோ எண்டு கிராம அலுவலரிட்டைக் கேளுங்கோ. மண்வெட்டியிலை இரும்பு தட்டுப்பட்டால் கிளறாமல் விட்டிட்டுப் பொலிசுக்கு, 119க்கு, எடுங்கோ.