பெப்டைடு கலவையோடு நீங்கள் பட்ட பாடு: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

ஆய்வகத்துக்குச் செயற்கைப் பெப்டைடு (அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலி) கலவை வாங்கிச் சிக்கலில் மாட்டியவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவும், எழுதுங்கள். முதலில் என் கதை.

சென்னையில் காசநோய் ஆய்வில் இருக்கிறேன். நம் ஊரில் பிறந்த உடனே பிசிஜி தடுப்பூசி போட்டுவிடுவதால், தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை பல நேரம் குழப்பிவிடும். காசநோய்க் கிருமியில் உள்ள ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களும் பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் கிடையாது. அதனால் அவற்றை வைத்துத்தான் வேலை. முதலாவதில் 95 அமினோ அமிலம், இரண்டாவதில் 100. பதினைந்து பதினைந்தாக வெட்டி, அடுத்தடுத்த துண்டுகளில் 11 பொதுவாக வரும்படி செய்தால் மொத்தம் 44 துண்டு. அத்தனையும் ஒரே குப்பியில் வந்தது.

எலிஸ்பாட் என்ற செல் பரிசோதனை போட்டேன். கிருமித் துண்டை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும் நோய் எதிர்ப்பு செல் (டி செல்) ஒவ்வொன்றும் தட்டில் ஒரு புள்ளியாகத் தெரியும். இரத்தப் பரிசோதனையில் காசநோய்த் தொற்று இல்லை என்று வந்த மூன்று பேரின் செல்களிலும் கலவை போட்ட குழிகள் புள்ளியாய்ப் பூத்துக் கிடந்தன. கலவை போடாத குழிகள் சுத்தம். ஒரு மாதம் என் கைமேலேயே சந்தேகம். ராத்திரி தூக்கமில்லை.

கடைசியில் 44 துண்டுகளையும் தனித்தனியாக வரவழைத்து, 7 வரிசை, 7 நெடுவரிசை என்று கட்டம் போட்டு, 14 சிறு கலவையாகச் சோதித்தேன். எந்த வரிசையும் எந்த நெடுவரிசையும் பதில் தருகின்றனவோ, அவை சந்திக்கும் இடத்தில் இருப்பதுதான் ஆள். மூவருக்கும் ஒரே துண்டு! அதே துண்டை வேறு நிறுவனத்தில் செய்து வாங்கினேன். ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியானால் பதில் தந்தது பெப்டைடு இல்லை, கூட ஒட்டிவந்த வேறெதுவோ. தூய்மை பார்க்கும் ஹெச்பிஎல்சி படத்தில் கண்ணுக்கே படாத அளவு கலப்பும் டி செல்லுக்குப் போதும்.

பெப்டைடைப் பிசின் மணியில் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோக்கும் முறையை வேதியியலாளர் மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்டார், 1984இல் நோபல் கிடைத்தது. இன்றும் அடிப்படை அதுதான். ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் சரியாக நடந்தாலும், 14 இணைப்பு முடியும்போது முழு நீளத்தில் இருப்பது 87 சதவீதம்தான். ஒரு துண்டுக்கே இவ்வளவு என்றால் 44 சேர்ந்த குப்பியில் என்னென்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இப்போதெல்லாம் கலவை வாங்கினால் தனித்துண்டுகளும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுகிறேன். செலவு கூடும். ஆனாலும் விடுவதில்லை.

---

அக்கா, எனக்கு எடையில் போனது. ஐந்து பெப்டைடை ஆளுக்கு 1 மில்லிகிராம் நிறுத்துக் கலந்தேன், சம அளவு என்று நம்பி. ஆனால் அந்தப் பொடி முழுக்கப் பெப்டைடு இல்லை. சுத்திகரிப்பில் ஒட்டிய டிஎஃப்ஏ என்ற அமிலத்தின் உப்பும் ஈரமும் அதில் சேர்த்தி. ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் அதிகமுள்ள பெப்டைடு டிஎஃப்ஏவை அதிகம் பிடித்து வைத்திருக்கும். 95 சதவீதத் தூய்மை என்று அறிக்கை சொல்வது பெப்டைடுகளுக்குள்ளான கணக்கு. உப்பும் தண்ணீரும் அதில் வராது. நிகரப் பெப்டைடு அளவைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அரை வருட முடிவுகளைத் திரும்பப் போட்டேன்.

---

என்னுடையது சின்ன விஷயம். மைனஸ் 20இலிருந்து எடுத்த கையோடு குப்பியைத் திறந்துவிட்டேன். மழைக்காலம் வேறு. சுவரில் வெள்ளைப் படலமாக இருந்த பொடி கண்ணெதிரே ஈரம் குடித்துப் பசைபோல ஆகிவிட்டது. அறைச் சூடு வரும்வரை மூடியோடு வையுங்கள்.

---

இது கொஞ்சம் வேறு மாதிரி. என் தம்பி ஜிம்முக்குப் போகிறவன். தோள்பட்டை வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று பிபிசி-157, டிபி-500 என்ற பெப்டைடுகள் இரண்டும் கலந்த குப்பியை வாங்கி வந்து, "நீ லேபில்தானே இருக்க, எவ்வளவு போட்டுக்கணும்னு சொல்லுக்கா" என்றான். குப்பியிலேயே 'ஆய்வுக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது. எனக்குக் கை நடுங்கியது.

கைடு மேடத்திடம் அனுமதி வாங்கி, மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் போட்டேன். பிபிசி-157இன் நிறை 1419 சொச்சம், அது வந்தது. டிபி-500 என்று விற்கும் ஏழு அமினோ அமிலத் துண்டுக்கு 889 வரவேண்டும். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டும் இருந்திருந்தாலும் போட்டுக்கொள்ள விட்டிருக்க மாட்டேன். ஆய்வுக்கான குப்பி மனிதருக்குப் போடும் மருந்தின் விதிப்படி தயாராவதில்லை, கிருமியோ, எண்டோடாக்சின் என்ற கிருமி நச்சோ இல்லை என்று யாரும் உறுதி தரவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இரண்டும் இருக்கின்றன, பிபிசி-157ஐ 2022இல் சேர்த்தார்கள். அவன் மாவட்ட அளவில் விளையாடுகிறவன்.

மாஸ் ஸ்பெக் தாளை அவன் முன்னால் விரித்து, 889 இருக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தான். "இதை நாலு பேர் போட்டுட்டு இருக்காங்கக்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவனோடு ஜிம்முக்குப் போகிறேன்.