டெங்கு ஆய்வுகளின் 'மேப்பிங்': வரைபடமா, பின்னற்படமா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டெங்கு பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுக்கட்டுரைகளைத் திரட்டி, யார் யாரோடு சேர்ந்து எழுதுகிறார்கள், எந்தச் சொற்கள் சேர்ந்தே வருகின்றன, எது எதைச் சுட்டுகிறது என்று படமாகக் காட்டும் வேலையை ஆங்கிலத்தில் 'மேப்பிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'ஆய்வு வரைபடமாக்கல்' என்ற சொல் போதும் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேறு துறை என்றால் விட்டிருப்பேன், டெங்குவில் விட முடியாது.

ஏனென்றால் டெங்குவுக்கு நிஜமான வரைபடமே இருக்கிறது. 2013இல் நேச்சர் இதழில் வந்த சமீர் பட் குழுவினரின் கட்டுரை, மழை, வெப்பம், நகர்ப்பெருக்கம், வறுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, உலகில் எங்கெங்கே டெங்கு தொற்றும் என்று நிலப்படம் போட்டது. ஆண்டுக்கு 39 கோடித் தொற்றுகள், அவற்றில் 9.6 கோடியில்தான் நோய் வெளியே தெரிகிறது என்ற மதிப்பீடும் அதில் வந்ததுதான். 'உலக டெங்கு ஆய்வு வரைபடம்' என்றால், ஆராய்ந்து போட்ட நோய் வரைபடம் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். அதில் பிரேசில் பெரிய வட்டமாகத் தெரிந்தால், அங்கே காய்ச்சல் அதிகமா, கட்டுரை அதிகமா? இந்தக் குழப்பத்துக்குச் சொல்லே காரணமாகிவிடக் கூடாது.

இன்னொன்று. நாம் பேசும் படத்தில் வடக்கும் தெற்கும் கிடையாது. லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான வாஸ்வியூவர் மென்பொருளில் டெங்குக் கட்டுரைகளின் குறிச்சொற்களைக் கொடுத்தால், ஏடிஸ் எஜிப்டி, டெமிபாஸ், பூச்சிக்கொல்லி எதிர்ப்பு போன்ற கொசு சார்ந்த சொற்கள் ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். என்எஸ்1, ஐஜிஎம், எலைசா என்று நோயறிதல் சொற்கள் இன்னொரு பக்கம் சேரும். அருகருகே இருப்பவை ஒரே கட்டுரையில் அடிக்கடி சேர்ந்து வருபவை, அவ்வளவுதான். முழுப் படத்தையும் தலைகீழாகத் திருப்பினாலும் பொருள் மாறாது. எந்த நிலப்படத்தையாவது அப்படிச் செய்ய முடியுமா?

சரி, மாற்று என்ன? 'ஆய்வு வரைவு' என்று ஒரு பரிந்துரை வந்தது. அரசு அலுவலகம் முதல் பத்திரிகை வரை வரைவு என்றால் இன்னும் முடிவாகாத முதல் எழுத்துப்படி. அது ஒத்துவராது. 'வலைப்படம்' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் வலைத்தொடர், வலைப்பதிவு என்று வலை முழுக்க இணையத்துக்குப் போய்விட்ட பிறகு, வலைப்படம் இணையத்தில் வெளியான திரைப்படம் ஆகிவிடுகிறது. என் பரிந்துரை 'பின்னற்படம்'. பின்னல் என்றதும் இழைகள் கண்முன் வருகின்றன, கணுவும் இணைப்புமாகத் தெரியும் படத்துக்கு அது பொருந்துகிறது. 'ஆய்வுப் பின்னற்படம்', 'சொற்பின்னற்படம்', 'ஆசிரியர் பின்னற்படம்' என்று நீட்டவும் வருகிறது. பின்னல்படம் என்று புணர்ச்சி இல்லாமல் எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

அப்புறம், 'சைட்டேஷன்' என்பதற்கு நாம் எழுதும் 'மேற்கோள்'. மேற்கோள் என்றால் ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்காட்டுவது. ஆய்வுக்கட்டுரையில் பெரும்பாலும் ஒரு வரியையும் எடுத்துக்காட்டுவதில்லை, கட்டுரையைச் சுட்டுவதோடு சரி. எனவே 'சுட்டல்' போதும். பழைய இரண்டு கட்டுரைகளைப் புதிய கட்டுரை ஒன்று சேர்த்துச் சுட்டினால், அது 'இணைச்சுட்டல்' (ஹென்றி ஸ்மால் 1973இல் முன்வைத்த அளவை). புதிய இரண்டு கட்டுரைகள் பழைய ஒன்றைப் பொதுவாகச் சுட்டினால், அது 'பொதுச்சுட்டல்' (கெஸ்லர், 1963). இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் டெங்குவில் உடனே உதைக்கும். மேலே சொன்ன 2013 கட்டுரையையே பாருங்கள். தடுப்பூசிக்காரரும் கொசு ஆய்வாளரும் முன்னுரையின் முதல் வாக்கியத்திலேயே அந்த 39 கோடிக்காக அதைச் சுட்டுகிறார்கள். பொதுச்சுட்டல் இருப்பதால் இருவரும் ஒரே வேலை செய்கிறார்கள் என்று ஆகாது. படம் போடுபவர் இதைத் தனியே பிரித்துச் சொல்லத் தமிழில் தனிச்சொல் வேண்டும்.

ஆய்வுக்கட்டுரைகளை இப்படி எண்ணி அளக்கும் துறையின் (சயன்டோமெட்ரிக்ஸ்) பெயரைப் பொறுத்தவரை, 'அறிவியல் அளவியல்' எனக்குச் சங்கடம்தான். நீளம், எடை அளக்கும் அளவியல் ஏற்கெனவே ஓர் அறிவியல். 'ஆய்வளவியல்' போதும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1948இலேயே, நூலகப் பணிகளை அளந்து பார்க்கும் துறைக்கு லைப்ரமெட்ரி என்ற பெயரை முன்வைத்தார். அதற்கு 'நூலகவளவியல்' என்பதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் டெங்கு நோயின் வகைப்பாட்டை மாற்றியதையும் நாம் மறக்கக் கூடாது. முன்பு டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று எழுதியவர்களில் பலர் பிறகு கடும் டெங்கு என்று எழுதத் தொடங்கினார்கள். இரண்டின் வரையறையும் அப்படியே ஒன்றல்ல, ஆனால் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படியும். சொற்பின்னற்படத்தில் இவை இரண்டு தனிப்புள்ளிகளாக நிற்கும். பார்ப்பவர் ஒரு நோய் போய் இன்னொன்று வந்ததாக நினைப்பார். படம் போடுமுன் இப்படிப்பட்ட சொற்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வேலைக்கு 'சொல்லிணக்கம்' என்று வைக்கலாமா?

கடைசியாக 'கிளஸ்டர்'. கொத்து, திரள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். டெங்குவில் ஒரு தெருவில் நோயாளிகள் சேர்ந்து வருவதும் கிளஸ்டர், படத்தில் சொற்கள் சேர்வதும் கிளஸ்டர். நோயாளிகளுக்குத் 'திரள்', கட்டுரைக்கும் சொல்லுக்கும் 'கொத்து' என்று இப்போதே பிரித்துவிடலாம் என்பது என் கருத்து. மருத்துவத் துறை நண்பர்கள் 'நோய்த்திரள்' ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறதா என்று பார்த்துச் சொன்னால், நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.